வேலா முனையில் ஏற்றாத விளக்கு

மாலா லூக்கா
14 அக்டோபர் 1973

அன்புள்ள யெர்க்கோ அண்ணனுக்கு,

தங்கை பெரினா எழுதுவது. நானும் உன் மச்சான் ரோக்கோவும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். உன் முதுகு வலி தேவலையா? அண்ணி நீவெஸுக்கு என் முத்தங்களைச் சொல். ஒலிவம் பறிக்கத் தொடங்கிவிட்டோம். இந்த வருஷம் காய் குறைவு, புழு அதிகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேலா முனைக் கலங்கரை விளக்குக்கு வரும் மே மாதம் நூறு வயது ஆகிறதாம். தலைமையாசிரியர் டிங்கோ ஒரு விழாக்குழு போட்டிருக்கிறார். வாசலில் கல் பதித்து அதில் விளக்கின் வரலாற்றை வெட்டப்போகிறார்கள். அந்தச் சுவர் உனக்குத் தெரியும். வியன்னாக்காரன் தன் சக்கரவர்த்தியின் பெயரை அதில் வெட்டினான். இத்தாலிக்காரன் அதைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தன் ராஜாவின் பெயரைப் போட்டான். நம்மவர்கள் அதையும் சுரண்டிவிட்டுச் சிவப்பு நட்சத்திரம் வைத்தார்கள். சுவரே குழிந்து கிடக்கிறது. இப்போது அதற்குக் கீழே அப்பாவை வெட்டப்போகிறார்கள்.

கல்லில் வரப்போவதைப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: “1943 டிசம்பரில், ஜெர்மானியரிடமிருந்து தப்பி ஓடிய அகதிகளின் படகுக்காக விளக்கை ஏற்றும்படி செய்தி வந்தும், ஏற்றுவதாக ஒப்புக்கொண்டும், காவலர் ஷிமுன் ஏற்றவில்லை. படகு பற்பாறையில் மோதி, பெண்களும் குழந்தைகளுமாக அனைவரும் மாண்டனர்.”

அப்பாவின் சவப்பெட்டி போனபோது இந்த ஊர் ஜன்னலைச் சாத்திக்கொண்டது. அது போதவில்லையாம், இனி கல்லில் வேறு. இதற்கெல்லாம் ஆதாரம் என்ன? அந்தக் குஸ்மாவின் வாய் ஒன்றுதான். போராளிகளிடமிருந்து தான் செய்தி கொண்டுபோனதாக அவன் சொல்கிறான். குடிகாரன். படகுத்துறையில் கப்பல் கயிறு பிடிக்கிறவன்.

எனக்கு அப்போது ஐந்து வயது, எதுவும் தெரியாது. நீ பதினேழு வயதில் அப்பாவுக்குக் கைத்துணையாக விளக்கு மாடத்திலேயே இருந்தாய். ஒரே ஒரு வரி எழுது. செய்தி வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பெரினா


பிரிமாண்டில்
6 நவம்பர் 1973

அன்புத் தங்கை பெரினாவுக்கு,

அண்ணன் யெர்க்கோவின் ஆசிகள். இங்கே நாங்கள் நலம். முதுகு வலி இருக்கத்தான் செய்கிறது. சிங்கி இறால் சீசன் தொடங்குகிறது, கூண்டுகளைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன். பூமியின் இந்தத் தென்கோடியில் இப்போது வெயில் ஏறுகிறது. நீங்கள் கம்பளி எடுக்கும்போது நாங்கள் சட்டையைக் கழற்றுகிறோம். இத்தனை வருஷம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை.

ஒலிவப் புழுவுக்கு, விழுந்த காயை மரத்தடியில் விடாமல் பொறுக்கி எரித்துவிடு. அப்பா அப்படித்தான் செய்வார்.

கல் விஷயம் படித்தேன். அந்தச் சுவரில் எத்தனையோ பேர் எதையெதையோ வெட்டிவிட்டார்கள். உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். நீ உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. விட்டுவிடு.

ரோக்கோவைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
யெர்க்கோ


மாலா லூக்கா
25 நவம்பர் 1973

அண்ணா,

நலம். நீயும் அண்ணியும் நலமென்று நம்புகிறேன்.

ஒலிவப் புழுவுக்கு வைத்தியம் கேட்டா உனக்கு எழுதினேன்?

விழாக்குழுக் கூட்டத்துக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். டிங்கோவிடம், ஒரு மனுஷனின் பெயரைக் கல்லில் கொல்வதற்கு ஒரு குடிகாரனின் பேச்சு போதுமா என்று கேட்டேன். டோப்ரிலாவும் அங்கே இருந்தாள். அந்தப் படகில் அம்மாவையும் தம்பிமார் இரண்டு பேரையும் பறிகொடுத்தவள். கடையில் விற்கிறவள் அவள், என் முறை வந்தால் எழுந்து போய்விடுவாள். அன்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குஸ்மாவைக் கூட்டி வந்தார்கள். அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷமாகச் சொல்வதையே சொன்னான். எண்ணெய்க் கிடங்கின் பின்பக்கப் பாறையில் ஏறி வந்து அப்பாவிடம் நேருக்கு நேர் சொன்னானாம். அப்பா “சரி, போ” என்றாராம்.

நான் எழுந்து, “பொய் சொல்றே. உனக்குப் பயம். பாதி வழியில ஜெர்மன்காரனைப் பார்த்துட்டு ஓடிட்டே. பழியைச் செத்துப்போன எங்கப்பன் தலையில கட்டுறே” என்றேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. “உங்க அண்ணன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தான். அவனைக் கேளு” என்றான்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் கத்தினேன். ரோக்கோ, “நீ கத்துற கத்துக்கு வேலா முனையில விளக்கே வேண்டாம், கப்பலெல்லாம் தானா வழி கண்டுக்கும்” என்கிறார்.

இப்போது கேட்கிறேன். உன் பெயரையும் அவன் இழுத்துவிட்டான். இனியும் உப்புக்காற்று பற்றி எழுதாதே.

பெரினா


பிரிமாண்டில்
20 டிசம்பர் 1973

அன்புள்ள பெரினா,

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். நீவெஸ் உங்கள் இரண்டு பேருக்கும் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பியிருக்கிறாள். கப்பலில் வருவதால் தாமதமாகும்.

நம் ஊர்க்காரர்கள் சங்கத்தில் உப்புக் கருவாடும் கீரையும் உருளைக்கிழங்கும் சமைத்தார்கள். கீரை இந்த ஊர்க் கீரை, ருசியில்லை.

நீ கேட்டதைப் பல தடவை படித்தேன். குஸ்மாவை விட்டுவிடு, தங்கச்சி. அவன் போரில் குண்டடி பட்டவன். அப்பா என்ன மனுஷர் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அது போதாதா? ஊர் என்ன எழுதினால் என்ன?

குளிர்கால வாடைக்காற்று அடிக்கும்போது மாடி ஜன்னலைக் கட்டி வை. கொக்கி தளர்ந்திருக்கும்.

யெர்க்கோ


மாலா லூக்கா
18 ஜனவரி 1974

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். சட்டைகள் வந்தன, அண்ணிக்கு நன்றி. ஜன்னல் கொக்கியை ரோக்கோ ஏழு வருஷம் முன்பே மாற்றிவிட்டார்.

உன் உதவி இல்லாமலே ஜெயித்துவிட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் அண்ணன் எழுதிவிட்டான், செய்தி வரவில்லை என்று டிங்கோவிடம் சொன்னேன். ஆமாம், நீ எழுதாததை எழுதியதாகச் சொன்னேன். நீ எழுதியிருக்க வேண்டியதைத்தான் சொன்னேன். அவர் கடிதத்தைக் கேட்கவேயில்லை. அவருக்கும் இது வசதி. கூட்டுறவுச் சங்கத்தை எதிர்த்துப் பேசியதற்காக ஒரு தடவை உள்ளே போய்வந்தவன் குஸ்மா. விழாவுக்குக் கட்சி மேலிடத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அப்படிப்பட்டவனின் வாக்குமூலம் கல்லில் இருந்தால் டிங்கோவுக்குச் சங்கடம்.

இப்போது கல்லில் இப்படி வரும்: “தூதர் செய்தியைச் சேர்ப்பிக்கத் தவறியதால் விளக்கு ஏற்றப்படவில்லை.” ஸ்பிலிட் நகரப் பத்திரிகையிலும் குஸ்மாவின் பெயரோடு வந்துவிட்டது. அப்பாவைக் குற்றம் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பெஞ்சில் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். நினைவு தெரிந்ததிலிருந்து அந்தப் பெஞ்சில் நம் குடும்பத்தைத் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சந்தோஷமென்று ஒரு வார்த்தையாவது எழுது.

பெரினா


மாலா லூக்கா
10 மார்ச் 1974

அண்ணா,

உடம்புக்கு ஏதும் இல்லையே? என் கடிதம் போய் ஏழு வாரம் ஆகிறது. அஞ்சலகத்து ஆன்ட்யா என்னைத் தெருவில் பார்த்தாலே தலையை ஆட்டிவிடுகிறாள், இல்லை என்று.

இங்கே நடப்பதை எழுதுகிறேன். பழைய போராளிகள் சங்கத்தில் குஸ்மாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். கப்பல்காரர்கள் கயிற்றை அவனுக்கு வீசுவதில்லை, வேறு ஆளுக்கு வீசுகிறார்கள். அவன் கையை நீட்டிக்கொண்டே நிற்பான். இப்போது துறைக்கே வருவதில்லை. அவன் படகின் அடிப்பலகையை யாரோ கோடரியால் பிளந்திருக்கிறார்கள். மீன் ஆலையில் என் மேஜையில்தான் அவன் மகள் மாரா மத்தி மீனின் தலை நறுக்குகிறாள். அவளோடு யாரும் பேசுவதில்லை. போன வாரம் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “எங்கப்பா சாப்பிடுறதில்ல பெரினா. உனக்குத் திருப்தியா?” என்றாள். திருப்தி என்றுதான் சொன்னேன். எங்கள் அப்பாவும் சாப்பிடாமல்தான் செத்தார் என்றேன்.

சொன்னேனே தவிர, அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் தெரியவில்லை. நீ ஏன் எழுதமாட்டேன் என்கிறாய்?

பெரினா


பிரிமாண்டில்
28 மார்ச் 1974

என் பெரினா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. ஜனவரிக் கடிதத்துக்கு எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். அப்பாவின் பெயர் மட்டும் கெட்டபோது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது. குஸ்மா உயிரோடு இருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு முடியவில்லை.

குஸ்மா வந்தான், பெரினா. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. கிடங்கின் பின்னால் கை முட்டியெல்லாம் ரத்தமாக ஏறி வந்தான். அப்பா “சரி, போ” என்றதை நானும் கேட்டேன். அதற்கு முன் இரண்டு முறை அதேபோல் ஏற்றியிருக்கிறோம். விளக்கில் தங்கியிருந்த ஜெர்மன் சிப்பாய்கள் கீழறையில் தூங்கும்போது, இருட்டடிப்புத் திரையைக் கடல் பக்கம் மட்டும் விலக்கிக் கொஞ்ச நேரம். அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. இனி விளக்கு எரிந்தால் வீட்டில் ஒருவரும் மிஞ்சமாட்டீர்கள் என்று சார்ஜென்ட் அப்பாவிடம் சொல்லியிருந்தான். அப்படியிருந்தும் அப்பா சரி என்றார். உன்னையும் அம்மாவையும் பின்கதவு வழியாகப் பாறைக்குகைக்கு அனுப்பிவிட்டு ஏற்றுவதாக இருந்தார்.

அன்று சாயங்காலம் உனக்கு இருமல். சார்ஜென்ட் வந்து உன் கட்டிலைத் தூக்கித் தங்கள் அறையில், அடுப்புக்குப் பக்கத்தில் போட்டான். “குழந்தைக்கு இங்கே சூடாக இருக்கும்” என்று சிரித்தபடி சொன்னான். அவர்கள் நான்கு பேர், நடுவில் நீ. குஸ்மா அதற்குள் போய்விட்டான். படகுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை.

அவன் தெரிந்துதான் செய்தானா, நிஜமாகவே இரக்கப்பட்டானா, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாவுக்கும் தெரியவில்லை. சாகிறவரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் மாடத்தில் நின்றோம். தீக்குச்சி என் கையில் இருந்தது. கடலில் படகு வரும் சத்தம் கேட்டதும் நான் குச்சியை உரசப்போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். “கீழே அவ தூங்குறாடா” என்றார். பிறகு பற்பாறைப் பக்கமிருந்து கேட்டதை உனக்கு எழுதமாட்டேன்.

உனக்கு இதைச் சொல்லக் கூடாது என்று அப்பா சாவதற்கு முன் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். யாருக்காக என்பது உனக்குத் தெரியக் கூடாது என்றார். ஊர் காறித் துப்பியபோதும் அவர் வாயைத் திறக்காதது அதனால்தான்.

கல்லில் இருப்பதை மாற்றச் சொல். குஸ்மாவிடம் போ.

யெர்க்கோ


மாலா லூக்கா
16 ஏப்ரல் 1974

யெர்க்கோ,

நலம் கேட்கவும் சொல்லவும் இப்போது எனக்கு மனமில்லை.

அந்த அடுப்பு எனக்கு நினைவிருக்கிறது. பச்சை ஓடு பதித்தது. என் சின்ன வயதிலிருந்து எனக்கு இருக்கும் ஒரே சூடான நினைவு அதுதான். அது எந்த வீடு என்று தெரியாமல் அம்மாவிடம் கேட்பேன், அவள் எழுந்து போய்விடுவாள்.

உனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அக்டோபரில் நான் கேட்டேன், நவம்பரில் கேட்டேன். “உன் அண்ணனைக் கேள்” என்று அந்த மனிதர் சபையில் சொன்னார். நீ கருவாட்டையும் கீரையையும் எழுதினாய். நீ ஒரு வரி எழுதியிருந்தால் நான் அவரைப் பொய்யன் என்றிருக்கமாட்டேன், அவர் படகை எவனும் பிளந்திருக்கமாட்டான். நான் உன் பெயரில் பொய் சொன்னேன், அது என் பாவம், நான் சுமக்கிறேன். ஆனால் என் கையில் கோடரியைக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன் நீ.

வாக்குக் கொடுத்தேன் என்கிறாய். அப்பா உங்கள் எல்லோருக்காகவும் வாக்கு வாங்கினார். எனக்காக என்று சொல்லாதே. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பெரினா


மாலா லூக்கா
20 மே 1974

யெர்க்கோ,

உயிரோடிருக்கிறேன். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன். நடந்ததை உனக்குச் சொல்லக் கடமைப்பட்டிருப்பதால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே குஸ்மா மாமாவின் வீட்டுக்குப் போனேன். மாரா கதவைத் திறந்தாள், உள்ளே விடவில்லை. அவர் படுக்கையில் இருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன்: நீங்கள் சொன்னது உண்மை, என் அண்ணன் எழுதிவிட்டான். உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. “பொய்யன்னு சொன்னப்போ ஊரைக் கூட்டி வச்சுச் சொன்னே. உண்மையை மட்டும் என் வாசல்ல வந்து முணுமுணுக்குறியா?” மாரா கதவைச் சாத்திவிட்டாள்.

டிங்கோவிடம் போனேன். கல் வெட்டியாகிவிட்டது, பத்திரிகையிலும் வந்துவிட்டது, விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். எப்போது பார்ப்பீர்கள், இன்னொரு நூறு வருஷம் கழித்தா என்று கேட்டேன். கோபத்தில் இருக்கிற பெண் வரலாறு பேசக்கூடாதாம்.

நேற்று விழா. பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். மேலிடத்துப் பெரிய மனிதர் திரையை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். காவலரின் மகள் என்று என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், மலர்க்கொத்துக் கொடுக்க. கொடுக்கப் போனவள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டேன்.

என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. செய்தி வந்தது என்றேன். குஸ்மா சேர்ப்பித்தார் என்றேன். “எங்கப்பா வாக்குக் கொடுத்தாரு, ஏத்தல. ஜெர்மன்காரங்க அறையில நான் படுத்திருந்தேன், அதனால ஏத்தல. உங்க ஆளுங்க செத்தது எனக்காக” என்றேன். டிங்கோ கம்பியைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினார்கள். எனக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்று ரோக்கோ அங்கேயே சொன்னாராம்.

டோப்ரிலா எழுந்து வந்தாள். என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். வாங்கிக்கொண்டேன். பிறகு அவள் என்னைப் பார்த்தாள், என் வாழ்நாளில் முதல் முறையாக முகத்தைப் பார்த்தாள். “அந்தக் கட்டில்ல எங்க குட்டித் தம்பி படுத்திருந்தா, எங்கப்பன் என்ன செஞ்சிருப்பான்?” என்றாள். என்னைக் கேட்டாளா, தன்னையே கேட்டாளா, தெரியவில்லை. பதிலுக்கு அவள் நிற்கவில்லை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பெரிய மனிதர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். இன்று காலை கல்தச்சன் வந்து, தூதரைப் பற்றிய வரியைச் செதுக்கி எடுத்தான். அந்தச் சுவரில் இன்னொரு குழி. அதில் என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

குஸ்மா மாமாவிடம் மாரா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் சொல்லி அனுப்பினார்: “அவ அஞ்சு வயசுப் புள்ள, அவளுக்கென்ன தெரியும். பக்கத்துல நின்னவன் வந்து சொல்லட்டும்.”

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

பெரினா


பிரிமாண்டில்
9 ஜூன் 1974

பெரினா,

உன் கன்னம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஜூலையில் கப்பல் ஏறுகிறேன். நீவெஸ் வரவில்லை, நான் மட்டும். காப்பிக் கடையிலோ, கோயில் வாசலிலோ, குஸ்மா எங்கே நிற்கச் சொல்கிறானோ அங்கே நின்று சொல்கிறேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது, அவர் செத்து இருபத்து மூன்று வருஷம் கழித்தும் சுலபமாக இல்லை. இங்கே வந்ததிலிருந்து நான் இரவில் விளக்கை அணைத்துப் படுத்ததில்லை, இதை உனக்கு எப்போதும் எழுதியதில்லை.

உனக்கு என் மேல் இருக்கும் கோபம் நியாயம். எனக்கு இடம் கொடுக்கப் பிடிக்காவிட்டால் எழுது, துறைப்பக்கம் ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன்.

யெர்க்கோ


மாலா லூக்கா
27 ஜூன் 1974

அண்ணா,

அறை பார்க்கிறாயாம். இந்த ஊரில் நீ வாடகைக்குத் தங்கினால் அந்தப் பேச்சையும் நான்தான் கேட்க வேண்டும். மாடி அறையைக் கூட்டிவிட்டேன். ரோக்கோ உனக்காகத் திராட்சைச் சாராயம் எடுத்து வைத்திருக்கிறார், தினமும் சரிபார்க்கிறேன் என்று அதில் பாதியைக் காலி செய்துவிட்டார்.

கோபம் போகவில்லை. போனதாக நினைத்துக்கொண்டு வராதே. உனக்குச் சமைத்துப் போடுவேன், ஆனால் எப்போது பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

துறைக்கு நான் வரமாட்டேன். பெட்டியோடு நேராகக் குஸ்மா மாமாவின் வீட்டுக்குப் போ. அவர் இப்போது எழுந்து உட்காருகிறார், சூப் குடிக்கிறார். மாரா உன்னை உள்ளே விடாவிட்டால் வாசலிலேயே நில். நானும் அங்கே நின்றிருக்கிறேன்.

அதை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வா. வழியில் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பாதே. உன் கடிதம் வந்ததிலிருந்து நானும் அங்கே போகவில்லை. போனால் மெழுகுவத்தி ஏற்றுவேனா, கல்லை எடுத்து வீசுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். தனியாகப் போனால் அவரோடு சண்டை போட்டுவிடுவேன், என்னைத் தடுக்க ஆள் இருக்காது.

பத்திரமாக வந்து சேர்.

உன் தங்கை,
பெரினா